மேல்மடையும் கீழ்மடையும்

கடனாநதித் தண்ணீர் பாயும் ஆழ்வார்குறிச்சி வயல்காட்டில் ஒருவர் மட்டும் தனியாக நஞ்சில்லா நெல் விளைவிப்பது லேசான காரியமில்லை. தண்ணீர் வயலுக்கு வயல் இறங்கும். பிசானப் பருவத்தில் மேல்வயலுக்கு அடித்த மருந்து வரப்போடு நின்றுவிடாது. நஞ்சில்லை என்ற சான்றிதழோ விளைவிப்பவரிடம் மட்டும் கணக்குக் கேட்கிறது.

மத்திய அரசு 2001-இல் கொண்டுவந்த தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில், பக்கத்து வயலின் நச்சு வராமல் காப்பதும் சான்று கேட்பவர் பொறுப்பே. நஞ்சை விட்டு மாறுவதற்கு நெல்லுக்கு 2 ஆண்டு மாறுகாலம், பதிவேடு, ஆய்வாளர் வருகை, கட்டணம் எல்லாம் உண்டு. மருந்து அடித்தவருக்கு இவை எதுவும் இல்லை. தப்பு செய்யாதவரே கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது என்ன நியாயம்? வாங்குபவர் ஏமாறக்கூடாதே என்பார்கள். உண்மைதான், அதற்கான செலவை விளைவிப்பவர் தலையில் மட்டும் கட்டுவது ஏன் என்பதற்கு அது பதிலாகாது.

2011-இல் வந்த பங்கேற்பு உத்தரவாத முறை வேறு மாதிரி. அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது 5 பேர் குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சான்று ஏற்றுமதிக்கு ஆகாது; உள்நாட்டுச் சந்தைக்குப் போதும். மாமன் மச்சான் ஊரில் இது நடக்குமா? பெரியப்பா தொழுவில் கிடக்கும் மருந்து டப்பாவை யார் எழுதிக் கொடுப்பார்? ஆனாலும், என்றோ ஒரு நாள் வரும் ஆய்வாளருக்குத் தெரியாதது மடை திறப்பவருக்குத் தெரியும். குழுவில் ஒரே வாய்க்காலின் மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் இருந்தால், மறைப்பவர் தன் சொந்தக்காரர் நெல்லையே கெடுக்கிறார். ஒரே தெருக்காரர் 5 பேரைச் சேர்த்தால் இந்தக் காவல் கிடைக்காது.

இப்போது நல்லது செய்யப் பணமும் கிளம்பியிருக்கிறது. பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2022-இல் சமூகப் பங்குச் சந்தைக்கு விதி வகுத்தது. 2023-இல் ஒருவர் போட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை 2 லட்சத்திலிருந்து 10,000 ரூபாயாக இறக்கியது. அங்கே தொண்டு நிறுவனங்கள் வெளியிடும் பத்திரத்துக்கு முதலும் திரும்பாது, வட்டியும் கிடையாது. என்ன பயன் விளைந்தது என்ற அறிக்கைதான் வரும். இந்தப் பணம் நஞ்சில்லா நெல்லுக்கு வந்தால், அறிக்கையில் ஏக்கரை எண்ணுவது எளிது. குத்தகைக்காரரை எண்ணுவார்களா? மாறுகாலத்தில் விளைச்சல் குறைந்தால் அவர் வீட்டுக் குதிரில்தான் குறைகிறது. மண் தேறியதும் உரிமையாளர் நிலத்தைத் திருப்பிக் கேட்டால், சான்றுக்கு வரும் கூடுதல் விலை யாருக்கு? தரம் வகுப்பவர்கள், குத்தகை எத்தனை ஆண்டுக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் கேட்கலாம். நெல் சாம்பிளைச் சோதனைக்கு அனுப்புவதைவிட அதற்குச் செலவு குறைவு.