பாட்டு போன தூரம்

பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் மனோரா வரும். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814இல் சரபோஜி மன்னர் எழுப்பிய எட்டடுக்கு மாடம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் ராஜா கதையைக் கேட்பார்கள். சொல்லுவேன். சொல்லும்போது அந்த ராஜாவோடு சேர்ந்து படித்த இன்னொரு பையனின் கதைக்கு என் மனம் தானாகப் போய்விடும். அவன் பாட்டைத்தான் எங்கள் ஊர்ப் பக்கம் ராத்திரி வீட்டு ஜெபத்தில் இன்றும் பாடுகிறோம்.

அவன் பெயர் வேதநாயகம். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவன். தகப்பனார் தேவசகாயம், சைவ வேளாளர் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். தஞ்சாவூரிலிருந்து அந்தப் பக்கம் போன மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பையனின் கூர்மையைப் பார்த்துவிட்டு, ‘இவனை என்னோடு அனுப்புங்கள், படிக்க வைக்கிறேன்’ என்று கேட்டார். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயதுக்கு அந்தண்டை இந்தண்டைதான் இருக்கும். தாமிரபரணிக் கரைப் பிள்ளை காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்தான். அதே சுவார்ட்ஸ் ஐயரிடம்தான் துளஜா மன்னர் தம் தத்துப்பிள்ளை சரபோஜியையும் ஒப்படைத்தார். அரியணைக்கு உரிய பையனும் வேதம் படிக்க வந்த பையனும் ஒரே ஆசிரியரின் நிழலில் வளர்ந்தார்கள்.

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் இறந்தார். சரபோஜி பட்டத்துக்கு வந்தது அதே வருஷம் ஜூன் மாதம். பெற்ற பிள்ளைபோல வளர்த்தவன் முடி சூடியதை அவர் பார்க்கவில்லை. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவில் இருக்கும் தேவாலயத்துக்குள் போனால், இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மன் வெள்ளைச் சலவைக்கல்லில் செதுக்கிய காட்சி ஒன்று இருக்கிறது. மரணப் படுக்கையில் ஐயர். பக்கத்தில் நின்று அவர் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறார் சரபோஜி. மன்னரே சொல்லிச் செய்வித்தது. ராஜாக்கள் தங்களை யானைமேலும் சிங்காசனத்திலும்தான் காட்டிக்கொள்வார்கள். இவர் ஒரு கிழவரின் கையைப் பிடித்தபடி நிற்கச் சம்மதித்திருக்கிறார். அந்தக் கல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

மன்னர் நன்றியைக் கல்லில் சொன்னார். வேதநாயகம் சாஸ்திரியாருக்குத் தெரிந்தது தமிழ். 1800இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’யைப் பாடினார். குறவஞ்சி என்றால் குற்றாலநாதர் நினைவுக்கு வருவார். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடிய கூத்து அது. உலா வரும் தலைவன், அவன்மேல் மையல் கொள்ளும் தலைவி, கை பார்த்துக் குறி சொல்லும் குறத்தி, வலை விரித்துப் பறவை பிடிக்கும் சிங்கன். இந்த அச்சு ஒன்றையும் சாஸ்திரியார் குலைக்கவில்லை. தலைவன் கிறிஸ்துவானார். தலைவி தேவமோகினி, சீயோன் குமாரத்தி, அதாவது சபை. அவளுக்கு நல்ல காலம் சொல்ல வந்த குறத்தி விசுவாசம். சிங்கனின் வலை சுவிசேஷம். சூரியனைச் சுற்றிக் கோள்கள் ஓடுகின்றன என்ற கோப்பர்நிக்கஸின் கணக்கையும் அதே நூலில் தமிழ்ப் பாட்டாக்கி வைத்தார்.

விசுவாசத்தைக் குறத்தியாக நிறுத்தியதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். அரண்மனைப் பெண்ணாக ஆக்கியிருக்கலாம், தேவதூதனாகவும் ஆக்கியிருக்கலாம். தெருத் தெருவாக நடந்து, கூப்பிட்ட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உன் நாயகன் வருவான் என்று சொல்லிவிட்டுப் போகும் பெண்ணிடம் அந்த வேலையைக் கொடுத்தார். என் வாழ்க்கையில் விசுவாசம் வந்த விதமும் அதுதான். படித்தவர்கள் வாயால் வந்ததைவிட, கூடை இறக்கி வைத்துவிட்டு இரண்டு வார்த்தை சொல்லிப் போனவர்கள் வாயால் வந்ததே அதிகம்.

அவருக்கு முன்பே தமிழில் கிறிஸ்தவப் பாட்டுகள் இருந்தன. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தொடங்கி, பின்னால் வந்த பப்ரிசியுஸ் வரை, ஜெர்மானியப் பாட்டுகளை அந்தந்த மெட்டிலேயே தமிழாக்கி ஞானப்பாட்டுகளாகத் தந்தார்கள். அவற்றின் கம்பீரம் தனி. ஆனால் நாற்றங்காலில் நிற்கிறவர்களின் வாய்க்குள் அவை எளிதில் புகவில்லை. சாஸ்திரியார் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பாடினார். சரணத்தை ஒருவர் சொல்ல, பல்லவியை எல்லாரும் பிடித்துக்கொள்ளலாம். எழுத்து தெரிய வேண்டியதில்லை. 1850களில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இந்தக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றியபோது, தஞ்சாவூர் ராகங்கள் சின்னச் சின்னக் கிராமக் கோயில்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

பாட்டு பிறந்த கதைகளில் எல்லாரும் விரும்பிச் சொல்வது ஒன்று உண்டு. மன்னர் தஞ்சைப் பெரிய கோயில் பெருவுடையார்மேல் ஒரு நூல் பாடும்படி சாஸ்திரியாரைக் கேட்டாராம். சிநேகிதரின் பேச்சைத் தட்டவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் வீடு திரும்பியவர், இயேசுவை மட்டும் துதிக்கும்படி தன் மனதுக்கே சொல்லும் கீர்த்தனையோடு அரண்மனைக்குப் போய்ப் பாடினாராம். வழிவழியாகச் சொல்லப்படுவது. நானும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அதில் சாஸ்திரியாரின் உறுதியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதைக் கேட்டபிறகும் அந்தச் சிநேகம் அறுந்துபோகவில்லை என்பது. பிற்காலத்தில் மிஷனரிகளோடு அவருக்கு மனக்கசப்பு முற்றியபோது மானியம் கொடுத்துத் தாங்கியது அந்த அரண்மனைதான்.

அந்த மனக்கசப்பைப் பற்றியும் பேச வேண்டும். பக்திக் கட்டுரைகளில் இதை விட்டுவிடுகிறார்கள்; விட்டால் பாட்டின் முழுக் கதையும் கிடைக்காது. புதிதாக வந்த மிஷனரிகள் தமிழ் இசையையும் பண்டிகை வழக்கங்களையும் குறை சொன்னபோது சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். அதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. கோயிலுக்குள் சாதி கூடாது என்று அவர்கள் சொன்னபோதும் எதிர்த்தார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விடவேண்டும் என்று கட்டளையிட்டார். தனித்தனியாக உட்கார்ந்து, இராப்போஜனத்துக்கும் முன்பின் பார்த்து வந்த தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் அதற்கு இணங்கவில்லை. அவர்களுக்காகப் பேனா பிடித்தவர் சுவிசேஷ கவிராயர் என்று பெயர் வாங்கிய நம் சாஸ்திரியார்.

முதலில் இதைப் படித்த அன்று அவருடைய கீர்த்தனையைப் பாட எனக்குத் தொண்டை அடைத்தது. வலை எல்லாருக்கும் என்று பாடியவர், வலையில் வந்தவர்களைத் தனியாக உட்கார வைக்கலாமா?

பிறகு ஜான் நியூட்டனின் வருஷங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆங்கிலப் பாட்டை எழுதியவர். கடல் புயலில் அவர் ஆண்டவரைக் கூப்பிட்டது 1748இல். அதற்குப் பிறகும் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிய கப்பல்களை நடத்தினார். பாட்டு எழுதியது 1772 கடைசியில். 1773 புத்தாண்டு நாளில் அவருடைய சபையில் அது வாசிக்கப்பட்டது. அடிமை வியாபாரம் கொடுமை என்று வெளிப்படையாகப் புத்தகம் எழுதி வருந்தியது 1788இல்தான். கிருபையைப் பற்றிய அந்தப் பாட்டு அவருக்குப் பதினைந்து வருஷம் முன்னால் நடந்துபோய் அவருக்காகக் காத்திருந்திருக்கிறது. மனிதன் தன் உள்ளத்தைவிடப் பெரிய ஒன்றைப் பாடிவிட முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பாட்டைக் கொடுத்தவர் ஆண்டவர் என்றால், அது எந்தத் திண்ணை வரைக்கும் போக வேண்டும் என்பதை அவர்தானே முடிவு செய்வார்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்டது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை சாய்ந்து கிடந்தது. சிலது வேரோடு, சிலது நடுவில் முறுகி. மகனைப் போல நம்பியிருந்த மரங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கரண்டு இல்லை, மைக் இல்லை. வரும் வழியில் மட்டையை இழுத்துப்போட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது. யாருக்கும் பாட வாய் வரவில்லை. தோப்பு வேலைக்குப் போகிற ஒரு பெரியம்மா, கைநாட்டு, முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார். தானாகவே ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்தார். சாஸ்திரியாருடையது. ஒவ்வொரு சரணமாக மனப்பாடமாகப் பாட, சொந்தத் தோப்பை இழந்தவர்களும் கூலியை இழந்தவர்களும் பல்லவியில் சேர்ந்துகொண்டோம். இருநூறு வருஷத்துக்கு முன் தஞ்சாவூர்த் தேவாலயத்தில் அந்தப் பெரியம்மாவுக்கு அந்தப் பாய் கிடைத்திருக்காது.

வெளியே வந்தபோது கேட்டேன்: “இது யார் எழுதின பாட்டுன்னு தெரியுமா பெரியம்மா?”

“அதெல்லாம் எனக்கு எங்க தம்பி தெரியும்? எங்க ஆத்தா நடவுல பாடும். கூடவே பாடிப் பழகுனது.”

சாஸ்திரியார் 1864 ஜனவரியில், தொண்ணூறை நெருங்கிய வயதில், தஞ்சாவூரில் காலமானார். அவர் வழிவந்தவர்கள் கதாகாலட்சேபத்தை இன்னும் விடாமல் நடத்துகிறார்கள்.

சாஸ்திரியார் பாட்டுகள் சிலவற்றில் கடைசிச் சரணத்தில் அவர் பெயர் முத்திரையாக வரும். நேரம் ஆகிவிட்டது என்று இரண்டு சரணத்தோடு நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது எங்கள் வீட்டு ஜெபத்தில் அப்படி நிறுத்துவதில்லை. எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், எந்தத் தெருவிலிருந்து வந்திருந்தாலும், கடைசிச் சரணத்தை ஒரு பிள்ளை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அந்தப் பெயரையும் சேர்த்துப் பாடிவிட்டுத்தான் ஜெபத்துக்குத் தலை குனிகிறோம்.