யார் கையில் துடைப்பம்?

முனைவர் பட்டம் முடித்த கையோடு எனக்குக் கல்லூரி வேலை கிடைத்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு பன்னாட்டுத் தொடக்கப் பள்ளியில் 'தமிழ் மிஸ்'ஸாக இருந்தேன். சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்துவிட்டு 'அணில், ஆடு' சொல்லிக் கொடுக்கப் போகிறாயே என்று தோழிகள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படி வருத்தம் ஏதும் இல்லை. உண்மையைச் சொன்னால் முதல் மாதம் முழுக்கப் பொறாமைதான் இருந்தது. நான் படித்த பள்ளியில் கேள்வி கேட்பது என்றால் ஆசிரியர் நம்மைக் கேட்பது. இங்கே குழந்தைகள் கேட்டார்கள். பெண் குழந்தைகள் காலை நீட்டித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு புத்தகம் வாசித்தார்கள். 'ஒழுங்கா உட்காரு' என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் எட்டு வயதைக் கடக்கிற பெண்களை அங்குதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அது ஐபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் அமைப்பின் பாடத்திட்டம். 3 முதல் 12 வயதுவரை உள்ளவர்களுக்காக 1997இல் கொண்டுவரப்பட்டது. கணக்கு, அறிவியல், வரலாறு என்று தனித்தனிப் பெட்டியாக இல்லாமல் ஆறு பெரிய கருப்பொருள்களின் வழியாகக் கற்றல் நடக்கும். 'நாம் யார்' என்பது ஒன்று, 'நம்மை நாம் எப்படி ஒழுங்கமைத்துக்கொள்கிறோம்' என்பது இன்னொன்று. கற்கிற குழந்தையிடம் வளர வேண்டிய பத்துப் பண்புகளையும் அந்தப் பாடத்திட்டம் வகுத்திருக்கிறது. தேடல் உடையவர், சிந்திப்பவர், நேர்மையானவர், திறந்த மனத்தினர் என்று போகும் அந்தப் பட்டியலில் 'அக்கறை உள்ளவர்' என்பதும் உண்டு. பத்தும் வண்ணத் தாளில் எழுதப்பட்டு எல்லா வகுப்பறைச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கும்.

ஒருநாள் மூன்றாம் வகுப்பில் காகிதம் பற்றிய தேடல். மரத்திலிருந்து நோட்டுப் புத்தகம்வரை காகிதம் எத்தனை கைகள் மாறி வருகிறது என்று குழந்தைகள் படம் வரைந்து ஒட்டியிருந்தார்கள். அன்றைக்குப் பழைய செய்தித்தாளைக் கிழித்து, ஊறவைத்து, மிக்ஸியில் கூழாக்கி, சல்லடையில் பரப்பிப் புதுக் காகிதம் செய்தார்கள். அற்புதமான வகுப்பு. கூழ் கையிலும் முட்டியிலும் நாற்காலிக் காலிலும் அப்பிக்கொண்டது. 'அழுக்காகட்டும், அழுக்கானால்தான் கற்றல்' என்பது அங்கே ஒரு கொள்கை. மூன்று மணிக்கு மணி அடித்தது. குழந்தைகள் கை கழுவிக்கொண்டு பேருந்துக்கு வரிசையில் நின்றார்கள். ஆயா வந்து முட்டி போட்டு உட்கார்ந்து, தரையில் காய்ந்துகொண்டிருந்த கூழைத் தகரத் துண்டால் சுரண்டத் தொடங்கினார்.

ஒரு பையன் வரிசையை விட்டு வந்து அவர் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்தான். ஆயா பதறிப்போய் அதைப் பிடுங்கினார். "வேணாம் கண்ணு, குடு. பாத்தா என்னைத் திட்டுவாங்க."

சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தின் பயணத்தை அப்புறம் போய்ப் பார்த்தேன். மரம் வெட்டுபவர், லாரி ஓட்டுநர், ஆலைத் தொழிலாளி, கடைக்காரர், பழைய பேப்பர்காரர் எல்லாரும் இருந்தார்கள். வகுப்பறையில் காகிதம் சிந்தினால் பொறுக்குகிறவர் இல்லை. குழந்தைகளைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்கெதிரே இருக்கிற ஒருவரைப் பார்க்காமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும். மூன்று மணிக்குப் பிறகு தினமும் அந்தப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அதற்கு நாங்கள் பாடத்திட்டம் எழுதி வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே பள்ளியின் மழலையர் பிரிவில் மாண்டிசோரி அறை ஒன்று இருந்தது. அங்கே குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்ற குட்டித் துடைப்பமும் குட்டி முறமும் இருந்தன. ஊற்றுதல், மடித்தல், பொத்தான் போடுதல், கூட்டுதல் எல்லாம் அங்கே 'வாழ்க்கைப் பயிற்சிகள்'. கூட்டும் பயிற்சிக்கு ஆசிரியை காகிதத் துணுக்குகளைத் தரையில் தூவுவார். சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருக்கும். குழந்தை துணுக்குகளை அந்த வட்டத்துக்குள் கூட்டிச் சேர்த்து அள்ளும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தூவிய குப்பை பிள்ளைகளுக்கு, உண்மையான குப்பை ஆயாவுக்கு.

மரியா மாண்டிசோரி இதை நினைத்துத் தொடங்கியவர் அல்ல. 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், இத்தாலியில் அப்படிப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். 1907இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் அவர் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' தொழிலாளர் குடியிருப்பில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளுக்கானது அது. தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் கிடக்கும் வேலையைச் சமூகம் பகிர்ந்துகொண்டால்தான் பெண் நிம்மதியாக வேலைக்குப் போக முடியும் என்று அவர் அப்போதே பேசினார். இதைப் பேசியவர் தன் மகனைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாதவராக இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. மணமாகாமல் பெற்ற பிள்ளை கிராமத்தில் வேறொரு குடும்பத்தில்தான் வளர்ந்தான். அந்த மகன் மாரியோவோடுதான் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் ஐரோப்பா திரும்ப முடியாமல் 1946வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. அடையாறிலும் கொடைக்கானலிலும் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். தொழிலாளியின் பிள்ளை தன் கையால் தன் இடத்தைப் பேணட்டும் என்று பிறந்த துடைப்பம், நூறு ஆண்டில் கட்டணம் கட்டக்கூடியவர் பிள்ளைகளின் கற்றல் கருவியாகிவிட்டது.

நான் ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள் என் தமிழ் வகுப்பு கடைசி மணியில் வரும். அதில் கடைசிப் பத்து நிமிடம், நாங்கள் போட்ட குப்பையை நாங்களே எடுப்போம். துடைப்பம், முறம், ஈரத்துணி, கூளம், ஒட்டடை என்று சொற்களும் கிடைத்தன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். ஒரு தாயிடமிருந்து புகார். "என் மகன் பெருக்குவதற்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுகிறோம்?" என்று கேட்டாராம். பையனின் தாய்தான், பெண்ணின் தாய் அல்ல. இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது இதுதான்.

என் பக்கம் நியாயம் இருப்பதாக நம்பி, அந்தக் கோபத்தோடு ஆயாவிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் அவரை அக்கா என்பார்கள், அலுவலகத்தில் ஆயாம்மா. அவருக்குப் பெயர் உண்டு. இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதால் இங்கே அதை எழுதவில்லை. அவர் என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"நல்ல மனசு மிஸ் உங்களுக்கு. ஆனா புள்ளைங்களே கூட்டிட்டா, நாலு பேர் எதுக்கு, ரெண்டு பேர் போதும்னு சொல்லிடுவாங்க. அதை யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். அவர் மகள் படிக்கும் பள்ளியில் தினமும் காலையில் வகுப்பைக் கூட்டுவது பெண் பிள்ளைகளின் வேலை. அதிலும் இவர் தெருப் பிள்ளைகளைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். "நான் ஒருநாள் லீவு போட்டுப் போய்ச் சண்டை போட்டேன் மிஸ். நான் பிடிக்கிறது போதும், என் பொண்ணு கையில தொடப்பத்தைக் குடுக்காதீங்கன்னு கேட்டேன். அதுலருந்து குடுக்கறதில்ல."

நான் எந்தத் துடைப்பத்தை அந்தப் பிள்ளைகளின் கையில் கொடுக்கப் போராடிக்கொண்டிருந்தேனோ, அதையே தன் மகள் கையிலிருந்து வாங்கப் போராடியவர் அவர். இருவர் செய்ததும் சரி என்று தோன்றியது. அதெப்படி இரண்டும் சரியாக இருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாறு 'ஜூட்டன்' 1997இல் வந்தது. உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில், பள்ளிக்கூடத்துக்குப் படிக்க வந்த சிறுவனைத் தலைமையாசிரியர் நாள் முழுக்கப் பள்ளியையும் மைதானத்தையும் கூட்ட வைக்கிறார், அவன் சாதியின் தொழில் அது என்பதால். தற்செயலாக அவ்வழியே வந்த தந்தை அதைப் பார்த்து, மகன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிகிறார். அந்தத் தந்தை செய்ததைத்தான் ஆயாவும் செய்தார். பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த ஆசிரியர் மீது நடவடிக்கை என்ற செய்தி நம் நாளிதழ்களில் ஒரு தடவை வந்து ஓய்ந்துவிட்டதும் அல்ல. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் தினமும் வகுப்பறையைச் சுத்தம் செய்கிறார்கள், நாமும் செய்யலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே துடைப்பம் வெறும் துடைப்பம் அல்ல, அது யாருடையது என்று பிறக்கும்போதே தீர்மானித்து வைத்திருக்கிற ஊர் இது.

சாதி தீர்மானிக்காத இடத்தில் பால் தீர்மானிக்கிறது. 2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கணக்கில் எடுத்தது. ஒரு நாளில் கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. அப்படி ஈடுபடுகிற பெண் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். இந்தக் கணக்கு ஆறு வயதிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். முதல் வகுப்புக்குப் போகிற வயது அது.

அப்படியானால் ஒரே செயல் ஓரிடத்தில் கல்வியாகவும் இன்னோரிடத்தில் இழிவாகவும் ஆவது எதனால்? துடைப்பத்தைக் கீழே வைக்கிற உரிமை கையில் வைத்திருப்பவருக்கு இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் விடை. என் வகுப்புப் பையன் பத்து நிமிடத்தில் கீழே வைத்துவிடலாம். ஆயாவின் மகள் கீழே வைக்க அவள் அம்மா ஒருநாள் சம்பளத்தை இழந்து வந்து சண்டை போட வேண்டியிருந்தது. இரண்டாவது, பக்கத்தில் இருப்பவர் கையிலும் அது இருக்கிறதா என்பது. எல்லாரும் முறை வைத்துக் கூட்டினால் அது பகிர்வு, சிலரை மட்டும் கூப்பிட்டால் அது முத்திரை. மூன்றாவதை ஆயா கற்றுக்கொடுத்தார். வேலையைப் பகிர்ந்துகொள்கிறேன் என்று சொல்லி ஒருவருடைய கூலியைப் பறித்துவிட்டால் அது பகிர்வே அல்ல. நம் மனம் சுத்தமாக வேண்டும் என்பதற்கு அவர் வயிறு விலையாக முடியாது.

சுவரில் இருக்கும் 'அக்கறை' என்ற சொல்லிடம் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். அக்கறையை ஒரு மனநிலையாக, ஒரு நல்ல குணமாக மட்டும் கற்றுக்கொடுத்தால், அக்கறையான பேச்சுள்ள பிள்ளைகள் வருவார்கள். "தேங்க்யூ அக்கா" என்று அழகாகச் சொல்வார்கள். நன்றியுரை எழுதுவதில் எனக்கும் தேர்ச்சி உண்டு. என் ஆய்வேட்டில் 'அன்னைக்கு' என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதிய ஐந்தாண்டுகளும் என் அறையைக் கூட்டியவர் அம்மா. ஒருநாளும் நான் அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கியதில்லை. நன்றி சொல்வதால் வேலையில் ஒரு நிமிடம்கூடக் குறைவதில்லை.

ஒருங்கிணைப்பாளரிடம் மறுபடி பேசினேன். அவரும் பெண், அவருக்கும் மேலே ஆட்கள் உண்டு. பிள்ளைகள் கூட்டுவதால் ஆயாக்களில் ஒருவரையும் குறைக்கக் கூடாது என்றும், ஆண் பிள்ளை பெண் பிள்ளை பார்க்காமல் வரிசை எண்ணின்படி முறை வைக்க வேண்டும் என்றும் கேட்டேன். வகுப்பில் மட்டும் செய்துகொள்ளுங்கள், எழுத்தில் ஒன்றும் தர முடியாது என்றார். அந்த ஆண்டு டிசம்பர்வரை செய்தோம். பிறகு ஆண்டுவிழா ஒத்திகை கடைசி மணியை விழுங்கிவிட்டது. அடுத்த ஜூனில் எனக்குக் கல்லூரி வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டேன். பெரிதாக எதையும் மாற்றிவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

இப்போது நான் பாடம் நடத்துவது இருபாலர் கல்லூரியில். முத்தமிழ் விழா வந்தால் பேனர் கட்டுவதும் மைக் பிடிப்பதும் மாணவர்கள், அரங்கைக் கூட்டிக் கோலம் போடுவதும் சந்தனத் தட்டு ஏந்துவதும் மாணவிகள். யாரும் சொல்லாமலே பிரிந்துகொள்வார்கள். போன ஆண்டு பெயர்ப் பட்டியலை எடுத்து, முதல் பத்துப் பேர் கூட்டுவது, அடுத்த பத்துப் பேர் பேனர் என்று படித்தேன். முதல் பத்தில் ஆறு பேர் ஆண்கள். ஒருவன் துடைப்பத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான். வெட்கம்தான் காரணம் என்று நினைத்தேன், உண்மையிலேயே தெரியவில்லை. பத்தொன்பது வயது. பக்கத்தில் இருந்த மாணவி ஒருத்தி அவன் கையிலிருந்து அதை வாங்கப் போனாள்.

"வாங்காதே," என்றேன். "எப்படின்னு சொல்லிக் கொடு."