எத்தனை முறை விருந்தாளி?

விருந்து என்றதும் நமக்கு வாழையிலைதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பழந்தமிழில் அந்தச் சொல்லுக்குப் புதுமை என்று பொருள். வீட்டுக்குப் புதிதாக வந்தவர் விருந்து. அவருக்குப் போட்ட சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது. வடமொழியில் அதிதி என்பார்கள். திதி பார்க்காமல், நாள் குறிக்காமல் வருபவர் என்று அதற்கு விளக்கம் சொல்வது வழக்கம்.

இன்றைய விருந்தாளியின் கதை அப்படியே தலைகீழ். குடிநுழைவுத் துறை அவர் கடப்பிதழில் குத்தும் முத்திரையில் நாள்தான் முக்கியம். தாய்லாந்துக்காரர் நம் நாட்டுக்குள் விசா இல்லாமல் வந்தால் 30 நாள் தங்கலாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கும் 2023 டிசம்பர் 1 முதல் அதே 30 நாள். சரி, 30ஆவது நாள் எல்லையைத் தாண்டிவிட்டு மறுநாளே திரும்பி வந்தால்? அதிகாரி சந்தேகப்பட்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். சந்தேகப்படவில்லை என்றால் இன்னொரு முத்திரை, இன்னொரு 30 நாள். பழைய ஆள், புது விருந்தாளி.

என்னைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இதுதான். ஒவ்வொரு முத்திரையும் முறைப்படி வாங்கியது. ஒரு நாள்கூட கூடுதலாகத் தங்கவில்லை. ஆனால் ஆள் இங்கேதான் வாழ்கிறார், இங்கேதான் வேலை செய்கிறார். அப்படியென்றால் அவர் பொய் சொன்னாரா, இல்லையா?

பொறியியல் படிக்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஸ்ட்ரோபோஸ்கோப்தான் ஞாபகம் வருகிறது. சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் மேல் விட்டுவிட்டு வெளிச்சம் அடிக்கும் கருவி அது. சக்கரம் ஒரு சுற்று முடிக்கும் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு வெளிச்சம் விழுந்தால், வேகமாகச் சுற்றுகிற சக்கரம் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். எல்லைச் சாவடியும் அப்படித்தான். 30 நாளுக்கு ஒருமுறை வெளிச்சம் விழுகிறது. அந்த நொடியில் ஒரு பயணி பையுடன் நிற்கிறார். இடையில் ஒரு வாழ்க்கையே முழுச் சுற்று சுற்றி வந்தது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் தொம்யாம் கடைதான். பல கடைகளில் சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் பட்டாணி, யாலா, நராத்திவாட் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பலர் மாதம் ஒருமுறை ரந்தாவ் பாஞ்சாங் வழியாகக் கோலோக் ஆற்றைத் தாண்டி, முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இது ஒன்றும் ரகசியம் இல்லை. முதலாளிக்குத் தெரியும், பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியும், மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நமக்கும் தெரியும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதுதான் அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்று புரிந்தது. கடையும் இல்லை, எல்லையும் மூடிவிட்டது. விருந்தாளிக்கு எந்த நாட்டில் நிவாரணம் கொடுப்பார்கள்?

இதையே மடிக்கணினி வைத்துக்கொண்டு செய்கிறவர்களும் உண்டு. சியாங் மாயில் வாடகை வீடு எடுத்து, வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டு, முத்திரைக்காகப் பினாங்குக்கு வந்துபோனவர்கள். தாய்லாந்து 2016 கடைசியில், விசா இல்லாமல் தரைவழியே வருவதற்கு ஆண்டுக்கு இரண்டு முறை என்று வரம்பு போட்டது. பிறகு 2024இல் அப்படிப்பட்டவர்களுக்கென்றே ஐந்து ஆண்டு விசா ஒன்றைக் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் 2022இலிருந்து டிஇ ரந்தாவ் அனுமதி இருக்கிறது. தொழில்நுட்பத் துறையில் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் சம்பாதிப்பவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆக, கணினிக்காரருக்கு அவர் செய்வதைச் சொல்லும் உண்மையான பெயர் ஒன்று கிடைத்துவிட்டது. அதற்குத் தானே விண்ணப்பிக்கவும் அவரால் முடியும்.

சட்டி பிடிக்கிறவருக்கும் உண்மையான பெயர் இல்லாமல் இல்லை. தற்காலிக வேலை அனுமதி இருக்கிறது. ஆனால் அதை அவர் தானாகப் போய் வாங்க முடியாது, முதலாளிதான் எடுத்துத் தரவேண்டும். தீபகற்பத்தில் சேவைத் துறைக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் லெவி கட்ட வேண்டும். மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி, அலைச்சல் எல்லாம் தனி. மாதாமாதம் எல்லைக்குப் போய் வந்தால் இதெல்லாம் மிச்சம். மிச்சம் யாருக்கு? முதலாளிக்கு. பஸ் காசும் பயமும் யாருக்கு? தொழிலாளிக்கு.

வள்ளுவர் வாய்மையை ரொம்ப எளிமையாக அளந்தார். பிறருக்குத் தீங்கு இல்லாத சொல்லே வாய்மை என்றார். இந்த அளவுகோலைக் காட்டித்தான் பலர் தப்பிக்கப் பார்க்கிறோம். "யாருக்கு என்ன நஷ்டம்? அவனுக்கு வேலை, எனக்கு ஆள், அரசாங்கத்துக்கு ஒரு டூரிஸ்ட்." நானும் கொஞ்ச நாள் யோசிச்சுப் பார்த்தேன். நஷ்டப்படுகிறவர் இருக்கத்தான் செய்கிறார். அவர் அந்த விருந்தாளியேதான். 2019 ஜனவரி 1 முதல், முறையாக வேலைக்கு வைத்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோவின் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது கிடையாது. கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டினால் அவர் யார்? சமையலறையில் என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? சம்பளம் தரவில்லை என்றால் எந்த வாயால் புகார் சொல்வார்? வாயைத் திறந்தாலே முதலில் மாட்டுவது அவர்தானே.

இது எனக்கு வெறும் தத்துவக் கேள்வியாக இருந்திருக்கலாம். 2024இல் உறவுக்கார மாமா ஒருவர் என்னிடம் வந்தார். சின்னதாக வாழையிலைக் கடை நடத்துகிறார். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பையன் வரப் போகிறான், எட்டாவதுவரை படித்தவன். மலேசியாவுக்குள் வருகிறவர்கள் முன்கூட்டியே நிரப்ப வேண்டிய இணைய வருகை அட்டையை நான் நிரப்பித் தரவேண்டும். வீட்டில் படிவம் என்றால் நான்தான்.

"திரும்பிப் போற தேதி கேக்குது மாமா. என்ன போடறது?"

"ஒரு மாசம் கழிச்சு ஏதாச்சும் போட்டுடு தம்பி. அப்புறம் ஹாட்யாய் போயி வந்துடுவான்."

நான் நிரப்பவில்லை. மாமாவுக்குக் கோபம். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. "பெர்மிட்டு எடுக்கச் சொல்றியே, 2023 மார்ச்சிலேருந்து புது கோட்டாவை நிறுத்தி வச்சிருக்காங்க. உள்ளூர்ல ஆள் கிடைக்கல. கடையை மூடட்டுமா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசு கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால், ஜன்னல் வழியாக வருகிறவரை மட்டும் திட்டுவது நியாயமும் இல்லை.

நான் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பையனிடம் நான் பேச வேண்டும். பேசினேன். பத்தாவது முடிக்காதவர்கள் வேலைக்காக மலேசியா உட்பட 18 நாடுகளுக்குப் போகும்போது, 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி இந்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகுதான் அனுமதி தருவார்கள். சுற்றுலா என்று கிளம்பினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதெல்லாம் ஏஜென்ட்டு சொல்லவே இல்லையேண்ணே" என்றான். தங்கச்சி கல்யாணக் கடன் இருக்காம். யோசிச்சுச் சொல்றேன் என்றான். முடிவு அவனுடையது. ஆனால் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் நடுவிலேயே இருக்கிறது. இந்தியாவிலிருந்து மலேசியரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த அக்காமார்கள் எத்தனையோ பேர், நீண்டகாலச் சமூக வருகை அனுமதியில் வருஷக்கணக்காக வாழ்கிறார்கள். பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகும். அவர்கள் மட்டும் காகிதத்தில் வருகையாளர்கள், அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். இங்கே அந்தப் பொருந்தாத சொல்லைச் சொல்வது அவர்கள் இல்லை, சட்டம். சட்டம் எழுதியதெல்லாம் உண்மை ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அதனால்தான் "சட்டப்படி சரியா" என்ற கேள்வியோடு என்னால் நிறுத்த முடியவில்லை. அந்தச் சொல் யாரைக் காப்பாற்றுகிறது, யாரை வெயிலில் நிறுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். வசதியுள்ளவர் தன் சௌகரியத்துக்காகத் தன்னை விருந்தாளி என்று சொல்லிக்கொள்வது ஒன்று. வேறு வழியில்லாதவர் வாயில் அந்தச் சொல்லைத் திணித்துவிட்டு, அதில் லாபம் பார்ப்பது வேறொன்று. முதலாவது சின்னப் பொய். இரண்டாவதில் பொய் சொல்பவர் ஒருவர், சொல்ல வைத்தவர் இன்னொருவர். பாவக் கணக்கில் பெரிய பங்கு சொல்ல வைத்தவருக்குத்தான். மலிவாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற நமக்கும் சில்லறைப் பங்கு உண்டு.

இதைப் படிக்கிற உங்களில் பலரும் வீட்டில் படிவம் நிரப்பும் பிள்ளைகளாகத்தான் இருப்பீர்கள். இப்படி ஒரு படிவம் உங்கள் கைக்கும் வரும். நிரப்புவதற்கு முன்னால், யாருடைய பெயரை எழுதப் போகிறீர்களோ அவருக்கு ஒரு போன் போடுங்கள்.