விடவும் தெரிந்த கை

நாகரசம்பட்டி பக்கம் சர்வீஸ் என்றாலே வாலிபால்தான் நினைவுக்கு வரும். அதில் பந்தை மேலே போட்டால் அடித்தே ஆக வேண்டும். விழவிட்டால் புள்ளி எதிரணிக்கு. அந்தப் பழக்கத்தோடு டென்னிஸுக்கு வருகிறவர்கள் பந்து எங்கே போனாலும் துரத்துகிறார்கள். தலைக்குப் பின்னால் போனால் இடுப்பை வளைக்கிறார்கள், பக்கவாட்டில் போனால் எட்டி வீசுகிறார்கள். பந்து வலையில் விழுந்ததும் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

மட்டை என்ன செய்யும்? டென்னிஸில் மற்ற அடிகள் எல்லாம் எதிராளிக்குச் சொல்லும் பதில். சர்வ் ஒன்றுதான் நாமே தொடங்குவது. ஆகவே அதைச் சீராக்குவதும் பந்தைப் போடும் கையில்தான் தொடங்க வேண்டும். பந்தை உள்ளங்கையில் அமுக்காமல் விரல்களில் வைத்து, முழங்கையை மடக்காமல் கையை உயர்த்தி, கண் மட்டத்துக்கு வந்ததும் விரல்களைத் திறந்தால் போதும். மணிக்கட்டைச் சுண்டினால் பந்து சுழன்று விலகிவிடும். அடிக்காமலே போட்டுப் பார்க்கலாம். வலக்கைக்காரருக்குப் பந்து இடது பாதத்துக்குச் சற்று முன்னால், கோட்டுக்கு உள்ளே விழ வேண்டும். ஆடிக் காற்றில் போட்டுப் பார்த்தால், வீணான உயரம் எவ்வளவு என்பதும் விளங்கிவிடும்.

இதற்கெல்லாம் மேலாக டென்னிஸ் விதி ஒரு சலுகை தருகிறது. போட்ட பந்து சரியில்லை என்று பட்டால் அடிக்காமல் விட்டுவிடலாம், கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் போடலாம். அது தவறாகக் கணக்கில் வராது. ஆனால் மட்டையை வீசிவிட்டால், பந்தில் படாவிட்டாலும் தவறுதான். விடுவதா அடிப்பதா என்ற முடிவைப் பந்து காற்றில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு தாராளமான சலுகையைப் பலர் தொடுவதே இல்லை. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் தடுக்கிறது. வேகமாக அடித்தால்தான் சர்வ் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. சென்னை ரமேஷ் கிருஷ்ணனின் சர்வில் வேகம் இருந்ததில்லை. அந்த மெதுவான சர்வை வைத்துக்கொண்டே அவர் 1986-இல் விம்பிள்டன் கால் இறுதிக்குப் போனார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வீழ்த்தினார். தன்னிடம் இல்லாத வேகத்துக்கு ஏங்காமல், இருக்கும் பந்தை வேண்டிய இடத்தில் வைக்கத் தெரிந்தவர் அவர்.

போர்வெல் போடும்போது நம் ஊரில் நடப்பதும், கோணலாகப் போன பந்தைத் துரத்தும் அதே துரத்தல்தான். தண்ணீர் தட்டவில்லை என்று தெரிந்த பிறகும், 'இவ்வளவு ஆழம் போயாச்சு, இன்னும் நூறு அடி பார்த்துடலாம்' என்று வண்டியை ஓட்டச் சொல்வோம். இறங்கிய ஆழமே மேலும் இறங்கக் காரணமாகிவிடும். பொருந்தாத படிப்பையும் ஒத்துவராத தொழிலையும் நாம் இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான்.

தொட்டதை முடிப்பவனைத்தான் ஊர் மெச்சும். ஆனால் கோணலாகத் தொடங்கிய ஒன்றை முடித்துக் காட்டுவதற்கு வீம்பு போதும். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்கும் காலக்கெடு உண்டு, மட்டையை வீசும் வரைதான்.