பேசுகிறவருக்கு யார் காவல்?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் தருகிறது. அந்த உரிமைக்கு வந்த முதல் பெரிய சோதனைகளில் ஒன்று சென்னை மாநிலத்திலிருந்து கிளம்பியது. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் இங்கே வரக்கூடாது என்று மாநில அரசு 1950இல் தடை விதித்தது. அந்த ஆண்டு மே மாதமே உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டு முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்குக்காகவும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்றாயிற்று.

சிக்கலின் வேர் அங்கேதான். ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் கலவரம் செய்வேன் என்கிறார். ஒழுங்கைக் காக்க அரசு யாரைத் தடுக்க வேண்டும்? 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்பட வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. மிரட்டலுக்குப் பயந்து படத்தை நிறுத்தினால் அது சட்டத்தின் ஆட்சியையே கைவிடுவதாகும். எதிர்ப்பைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது. இடஒதுக்கீட்டை விமர்சித்த அந்தப் படத்தின் கருத்தை நான் ஏற்கவில்லை. தீர்ப்பை முழுமனதாக ஏற்கிறேன்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு அது உரிய நேரத்தில் கைகொடுக்கவில்லை. 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்த அவருடைய நாவல். நான்கு ஆண்டுகள் கழித்துத் திருச்செங்கோட்டில் அதன் பிரதிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பு நடந்தது. நாவலை அரசு தடை செய்யவில்லை. 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒன்று நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் எழுத்தாளரிடமிருந்து பெறப்பட்டன. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். தடை ஆணை என்று ஒன்று இருந்திருந்தால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். ஒப்பந்தம் என்ற பெயரில் நடந்த இந்த அடக்குமுறைக்கு அந்த முகம்கூட இல்லை. அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தேதி 2016 ஜூலை 5. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு.

அவருக்காக முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வன் நீதிமன்றம் போனார். வாசகர்கள் குரல் கொடுத்தார்கள். பெயரோ சங்கமோ இல்லாத ஒருவருக்கு இதே கதி நேர்ந்தால் ஒன்றரை ஆண்டு அல்ல, ஒரு வாரம்கூட அவரால் தாக்குப்பிடிக்க முடியாது. உரிமை சமமாக இருந்தும் காவல் சமமாக இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படிப் பெயரில்லாதவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் பால்கரில் 2012இல் நடந்த ஒரு கடையடைப்பைக் கேள்வி கேட்டு ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். இன்னொருவர் அதற்கு லைக் போட்டார். இருவரும் கைதானார்கள். அவர்கள்மீது ஏவப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் பல காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாயின. இனி யார்மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.