சுரைக்காயில் பழகிய கை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பண்டைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையோ மாணவன் கையில் நிஜச் சுரைக்காயையே எடுத்துக் கொடுக்கிறது. அறுக்கப் பழகச் சுரையும் வெள்ளரியும், ரத்தக்குழாயைத் துளைக்கப் பழகத் தாமரைத் தண்டு, கட்டுப்போடப் பழக மனித வடிவ பொம்மை. சாஸ்திரம் முழுதும் கற்றவனானாலும் கை பழகாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அந்நூலின் தீர்ப்பு.

காயில் பழகிய கை சதையில் தடுமாறாமல் இருக்குமா? இன்று இந்தக் கேள்வி கூர்மையாக எழும் இடம் ஆபரேஷன் தியேட்டர். தசை தளர மருந்து கொடுக்கப்பட்ட நோயாளியால் தானாக மூச்சுவிட முடியாது. மருத்துவர் லாரிங்கோஸ்கோப்பால் நாக்கை ஒதுக்கி, குரல் நாண்களைக் கண்டு, அவற்றின் நடுவே குழாயைச் செலுத்துகிறார். குழாய் உணவுக்குழாய்க்குள் போய், அதை யாரும் கவனிக்காவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இதைப் பழகவென்றே 1960களில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 'சிம் ஒன்' என்ற கணினி பொம்மை உருவானது. அதன் மார்பு ஏறி இறங்கும், கண் இமைக்கும்.

பலன் உண்டா? 2005-இல் வெளியான கனடா ஆய்வொன்றில் 36 பாராமெடிக் மாணவர்களில் ஒரு சாரார் 10 மணி நேரம் பொம்மையிடம் பழகினார்கள். மறு சாரார் தியேட்டரில் 15 நோயாளிகளிடம். பிறகு எல்லோரையும் நோயாளிகளிடமே சோதித்தார்கள். பொம்மையிடம் பழகியவர்களின் வெற்றி 87.8 சதவீதம், மற்றவர்களுடையது 84.8. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கை கற்றது இடம் மாறியும் நிலைத்தது.

ஆனால் 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், முதலாண்டு மயக்கவியல் மாணவர்கள் 90 சதவீத வெற்றியை எட்டச் சராசரியாக 57 முறை குழாய் செலுத்த வேண்டியிருந்தது. பத்து மணி நேரப் பழக்கம் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும்.

பொம்மையின் மேல்பல்லில் கருவி அழுந்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மாணவர் கையைத் தளர்த்திக்கொள்வார். மனித வாயில் எச்சில் வழியும், ரத்தம் கசியும். ஆக்ஸிஜன் குறையக் குறைய ஆக்ஸிமீட்டரின் ஒலி சுருதி இறங்கிக்கொண்டே போகும். அந்த ஒலியைப் பொம்மையறையிலும் எழுப்பலாம். அங்கே அதற்குப் பின்னால் ஓர் உயிர் இல்லை.

ஒன்றை அறிவதும் அதைச் செய்யத் தெரிவதும் வேறுவேறு என்று வாதிட்டார் தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல். இந்த வேலைக்கு அவ்விரண்டும் போதாது. 2005-இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி சிறிய அறுவைசிகிச்சை ஒன்றுக்காக மயக்க நிலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மூச்சுப்பாதை அடைபட்டது. இருந்தவர்கள் அனுபவசாலிகள். குழாய் செலுத்தும் முயற்சியிலேயே மூழ்கிப்போனார்கள். கழுத்தைத் துளைத்துக் காற்றுக்கு வழிசெய்யும் கருவியை நர்ஸ் கொண்டுவந்தும் அது பயன்படவில்லை. எலைன் பிழைக்கவில்லை. அவர் கணவர் மார்ட்டின் ஒரு விமானி. அணியாகப் பேசவும் நிறுத்தவும் வழி மாற்றவும் மருத்துவர்கள் பழக வேண்டும் என்பதற்காகவே அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பொம்மையறையில் இன்று அதிகம் பழக வேண்டியது இதைத்தான்.

எவ்வளவு பழகினாலும் ஒவ்வொரு மருத்துவருக்கும் முதல் நோயாளி என்று ஒருவர் உண்டு. பின்னால் வரும் ஆயிரம் பேருக்காக அந்த ஒருவர் தன் தொண்டையைத் தருகிறார். அவர் வெறும் கருவியாகிவிடாமல் இருக்க இரண்டு கடமைகள் உண்டு: பொம்மையிடம் தேறாத கை அவரைத் தொடக் கூடாது, தொடப்போவது புதிய கை என்பதை அவரிடம் மறைக்கக் கூடாது. முதல் கடமையைப் பயிற்சிக்கூடம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது மருத்துவமனையின் பொறுப்பு.

அறுவைசிகிச்சை ஒப்புதல் படிவம் கைக்கு வரும்போது, குழாய் செலுத்தப்போவது யார், மூத்த மருத்துவர் பக்கத்திலேயே நிற்பாரா என்று தயங்காமல் கேளுங்கள்.