நடுவில் நிற்கும் முள்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்து முகத்தில் படும். அந்நாள்களில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் விரையும் வண்டிகளிடையே எப்போதேனும் ஒரு பழைய அம்பாசிடர் தென்பட்டால், நம் கண் அதன்மேல் சற்றே தங்குகிறது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரை முன்மாதிரியாகக் கொண்டு, கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவான வண்டி அது. 2014ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இன்றும் அதைப் பேணுவோர் சிலர், உடலை அப்படியே வைத்துக்கொண்டு, தேய்ந்த எஞ்சினை மட்டும் மாற்றிவிடுகின்றனர். அப்போது எழும் ஒரு சிறு சிக்கல், பெரியதொரு கேள்வியை நம்முன் வைக்கிறது.

நாம் அறிந்த அன்பர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடரிலிருந்து 1489 சி.சி. எஞ்சினை இறக்கிவிட்டு, 1990களில் அதே வகை வண்டிக்கு வந்த இசுசு 1.8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தினார். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவுச் சான்றிதழிலும் மாற்றத்தைக் குறித்துக்கொண்டார். வண்டி நன்றாக ஓடியது. ஆனால் தந்தையார் பார்த்துப் பழகிய டாஷ்போர்டு மட்டும் பொருளற்றுப் பேசலாயிற்று. ஹீட் மீட்டரின் முள் ஒரு நாள் அடியில் கிடந்தது. மறுநாள், எஞ்சின் இளஞ்சூடாக இருக்கையிலேயே, உச்சியைத் தொட்டது.

காரணம் அரிதன்று. எஞ்சினில் திருகியிருக்கும் சென்சார், சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும். தடை குறைந்தால் மின்சாரம் மிகும், முள் உயரும். எத்தனைச் சூட்டுக்கு எத்தனைத் தடை என்னும் கணக்கோ எல்லாச் சென்சாருக்கும் ஒன்றன்று. பழைய மீட்டர் பழைய சென்சாரின் கணக்கை அறியும். புதியதன் கணக்கை அறியாது. மேலும், ரப்பர் மவுண்டிங்கின்மேல் அமர்ந்த எஞ்சினுக்கு எர்த் ஒயர் சரியாக இணைக்கப்படாவிட்டால், மின்சாரம் திரும்பும் வழியும் கெடும். மீட்டரும் பொய் சொல்லவில்லை. சென்சாரும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்குமிடையே உடன்பாடு இல்லை, அவ்வளவே.

அன்பர் ஒரு பட்டறைக்குச் சென்றார். “அண்ணாச்சி, சென்சார் ஒயரை எடுத்துட்டு ஒரு ரெசிஸ்டரை வச்சு எர்த்துல சேத்துத் தாரேன். முள்ளு எப்பவும் நடுவுலயே நிக்கும். உங்களுக்கும் நிம்மதி” என்றார் அங்கிருந்தவர். அன்பரும் இசைந்தார். முள் நடுவில் நின்றது. பார்த்தவரெல்லாம் பாராட்டினர்.

சில வாரங்கள் கழித்து, முதிய தாயாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக்குப் புறப்பட்டார். புளியறையைத் தாண்டி மலைச்சாலை ஏறுகையில் ரேடியேட்டர் ஹோஸ் கசிந்து நீர் வற்றிற்று. முள் நடுவிலேயே நின்றது. பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியபோதுதான் வண்டியை நிறுத்தினார். அதற்குள் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. மழையில், வளைவோரத்தில், தாயார் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. “மீட்டர் ஒழுங்காகத்தானே காட்டிற்று!” என்று அவர் பின்னர் நம்மிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் குற்றமற்றவரா?

மனச்சான்றைக் குறித்தும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. “என் மனச்சான்று என்னைக் குற்றஞ்சாட்டவில்லை” என்று சொல்லிவிட்டால் போதுமா? அறியாமல் தவறும் மனச்சான்று உண்டு. அறிய விரும்பாமல் தவறும் மனச்சான்றும் உண்டு. சென்சார் மாறியதை அறியாமல் முள்ளை நம்பியவன் முதல் வகையினன். அவன்மேல் பழி சுமத்துவது முறையன்று. முள்ளை அசையாமல் நிறுத்தச் சொன்னவன் இரண்டாம் வகையினன். மலைமேல் அவன் அறியாதிருந்தது உண்மை. ஆனால் அந்த அறியாமை பட்டறையில் அவனே விலைகொடுத்து வாங்கியது. செத்துப்போன மீட்டரேனும் நம்மை எச்சரிக்கையாக இருக்கச் செய்யும்; இறங்கிப் பார்ப்போம், தொட்டுப் பார்ப்போம். நடுவில் நிற்கும் முள்ளோ நம்மை உறங்கச் செய்கிறது.

ஒரு கடை முதலாளியை எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்குமுன் தாம் வாங்கிய சம்பளத்தை நினைத்து, “இவனுக்கு நாம் தருவது தாராளம்” என்று அமைதி கொள்கிறார். அவர் நெஞ்சு கொடியதன்று. ஆனால் அரிசி விலை மாறிவிட்டது. வீட்டு வாடகை மாறிவிட்டது. பள்ளிக் கட்டணம் மாறிவிட்டது. எஞ்சின் மாறியபின்னும் பழைய மீட்டரைப் பார்த்தே அவர் வண்டி ஓட்டுகிறார். பணியாள் முகம் வாடியிருப்பது கண்ணில் பட்டும், முள்ளை நம்பி முகத்தை நம்ப மறுக்கும் நாளில், அவருடைய அறியாமை குற்றமாகத் தொடங்குகிறது. இரண்டு சாட்சிகள் முரண்படும்போது விசாரிப்பது கடமையன்றோ! இரவில் ஆன்ம சோதனை செய்யும் வழக்கமுடைய நம்முள்ளும், ஒவ்வோர் இரவும் முள் நடுவில் நிற்கக் கண்டு மகிழ்ந்து உறங்குவோர் இல்லாமலில்லை.

அப்படியானால் எந்நேரமும் நம்மை நாமே ஐயுற்றுக்கொண்டிருப்பதா என்று கேட்கலாம். அன்று. கண்ணாடியை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பவனும் சாலையைப் பார்ப்பதில்லை. பழைய மீட்டர் எதுவும் துல்லியமானதன்று. துல்லியம் அதனிடம் நாம் கேட்பதுமில்லை. சூடு ஏறும்போது ஏறவும், தணியும்போது தணியவும் வேண்டும், அது போதும்.

அன்பரின் வண்டியைப் பின்னர் வேறொரு முதிய மெக்கானிக் சீர்செய்தார். பழைய மீட்டருக்குரிய சென்சாரையே தேடி வாங்கினார். புதிய எஞ்சினின் துளைக்கு அதன் மரை பொருந்தவில்லை. கடைசல் பட்டறையில் பித்தளை அடாப்டர் ஒன்று செய்வித்தார். எஞ்சினிலிருந்து பாடிக்கு நல்லதோர் எர்த் ஒயரைப் பூட்டினார். பொருத்துமுன், அடுப்பில் நீரைக் கொதிக்கவைத்து, ஒயரோடு சென்சாரை அதில் தொங்கவிட்டு, முள் எங்கே நிற்கிறதென்று பார்த்துக் குறித்துக்கொண்டார். கொதிநீர் யாருடைய நிம்மதிக்காகவும் தன் சூட்டை மாற்றிக்கொள்வதில்லை.

நம் மனச்சான்றையும் இவ்வாறு தோய்த்துப் பார்க்க நமக்கு வெளியே ஏதேனும் ஒன்று வேண்டும். அந்த முதலாளி, தாம் தரும் சம்பளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் சந்தைக்குச் சென்று வந்தால், அதுவே அவருக்குக் கொதிநீர். நம்மால் புண்பட்டவர் சொல்வதைக் குறுக்கிடாமல் ஒருமுறை கேட்பது நம்மில் பலருக்குக் கொதிநீர்.

அண்மையில் அதே வண்டியில் அதே மலையேறினோம். பாதி வழியில் முள் மெல்ல உயர்ந்தது. அன்பர் ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். நேரமாகிறதே என்று நாம் சற்றுச் சலித்துக்கொண்டோம். பின்னிருக்கையில் அவருடைய தாயார் அமைதியாக அமர்ந்திருந்தார்.